பலூன் சைனஸ் விரிவாக்கம் (பினாங்கு)

பலூன் சைனஸ் விரிவாக்கம் என்பது முக எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளின் அடைபட்ட வாயிலை மூக்குத் துவாரம் வழியாகவே அடைந்து, சிறு பலூனை உப்பவைத்து அகலப்படுத்தும் சிகிச்சை. இதில் எலும்பையும் சவ்வையும் வெட்டி எடுப்பதில்லை. அமெரிக்காவில் 2005இல் அனுமதி பெற்ற இம்முறை, இன்று மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில் தனியார் மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளிலும் புழங்குகிறது. வெட்டும் தையலும் இல்லை என்ற செய்தி நோயாளிகளிடையே வேகமாகப் பரவிவிட்டது. இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற விவரம் அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

பினாங்குத் தமிழர் பேச்சில் ‘சைனஸ்’ என்பது நாலைந்து தொல்லைகளுக்குப் பொதுப்பெயர். விடிந்ததும் வரிசையாகத் தும்மினாலும் சைனஸ், குனிந்தால் மண்டை கனத்தாலும் சைனஸ், குளிரூட்டிய அறையில் மூக்கடைத்தாலும் சைனஸ்தான். தமிழ்நாட்டில் இதையே தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பார்கள்; சித்த மருத்துவத்தில் பீனிசம் என்று பெயர். நெற்றிப்பொட்டில் கோடாலித் தைலம் தடவிக்கொண்டு, வெந்நீர்ச் சட்டியின் மேல் துண்டைப் போர்த்தி ஆவி பிடிக்காத வீடு அபூர்வம். உண்மையில் இத்தொல்லைகளில் பெரும்பகுதி ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் குறையாத தீவில் மெத்தையும் தலையணையும் தூசிப்பூச்சிகளுக்கு நல்ல குடியிருப்பு. 1997, 2015, 2019ஆம் ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீயால் வந்ததுபோன்ற புகைமூட்டம் சேர்ந்துகொண்டால் மூக்கு இன்னும் சீறும். இதற்கு மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பும் ஒவ்வாமை மாத்திரையும்தான். பலூனுக்கு இங்கே வேலையில்லை.

நாட்பட்ட சைனஸ் அழற்சி என்று மருத்துவர்கள் சொல்வதற்கு வரையறை உண்டு. மூக்கடைப்போ சளி ஒழுக்கோ கட்டாயம் இருக்க வேண்டும். அதனுடன் அவ்விரண்டில் மற்றதோ முகவலியோ வாசனை குறைவதோ சேர்ந்து, 12 வாரம் அல்லது அதற்கு மேல் நீடிக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் போதாது. எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியிலோ சிடி ஸ்கேனிலோ அழற்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சைனஸ் அறைகள் நான்கு ஜோடி: கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கண்களுக்கு நடுவே தேன்கூடு போன்ற சல்லடை எலும்பு அறைகள், மண்டையின் நடு ஆழத்தில் ஆப்பெலும்பு அறை. கன்ன அறையின் வாயில் சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அதுவும் அறையின் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் இருக்கிறது. வடிகாலைத் தொட்டியின் மேல்மட்டத்தில் வைத்த கொத்தனாரை நாம் சும்மா விடமாட்டோம். இயற்கையோ அதற்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. அறையின் உட்சவ்வில் உள்ள நுண்ணிழைகள் இடைவிடாமல் அசைந்து, சளியைப் புவியீர்ப்புக்கு எதிராக அந்த வாயிலை நோக்கியே தள்ளிக்கொண்டு போகின்றன. வாயிலைச் சுற்றிச் சவ்வு வீங்கிவிட்டால் உள்ளே சளி தேங்கி, கிருமி பெருகி, சவ்வு மேலும் வீங்கும்.

இந்த ஓட்டத்தை அறியாமல்தான் பழைய அறுவை முறை நடந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் கால்டுவெல் 1893லும் பிரெஞ்சுக்காரரான ஹென்றி லுக் 1897லும் விவரித்த முறையில், மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேல் எலும்பைத் துளைத்துக் கன்ன அறைக்குள் புகுந்தார்கள். வடிவதற்கென்று அடிப்பக்கத்தில் புதிய ஓட்டையும் போட்டார்கள். சளியோ அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு பழைய வாயிலுக்கே போனது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வழியே இந்த ஓட்டத்தைப் படித்துக் காட்டிய பிறகு, இயற்கையான வாயிலையே திறப்பது என்ற கொள்கை நிலைபெற்றது. அந்தக் கொள்கைப்படி செய்யும் எண்டோஸ்கோப் அறுவை 1980களில் உலகெங்கும் பரவியது. இன்றும் தரமான சிகிச்சை அதுவே. பலூன் அதன் தம்பி.

பலூன் யோசனை இதய மருத்துவத்திலிருந்து வந்தது. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் இதய ரத்தக்குழாயின் அடைப்பைப் பலூனால் விரித்துக் காட்டினார். அந்தத் தொழில்நுட்பத்தை மூக்குக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியாவில் 2004இல் தொடங்கிய அக்கிளாரன்ட் நிறுவனம். பிரவுன், போல்ஜர் என்ற இரு மருத்துவர்கள் 10 நோயாளிகளிடம் செய்து பார்த்த முதல் முடிவுகள் 2006இல் வெளியாயின. 2010இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்த நிறுவனத்தைச் சுமார் 78.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தச் சிகிச்சைக்குக் கிடைத்த விளம்பரத்தின் பின்னால் எவ்வளவு பணம் நின்றது என்பதை அந்தத் தொகையே சொல்லும்.

செய்முறை எளிது. முதலில் மரப்பு மருந்தும் சவ்வைச் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சை மூக்கில் வைக்கிறார்கள். சிலருக்கு முழு மயக்கமும் கொடுப்பதுண்டு. எண்டோஸ்கோப்பில் பார்த்தபடி ஒரு மெல்லிய கம்பியை வாயிலுக்குள் நுழைக்கிறார்கள். கம்பியின் நுனியில் வெளிச்சம் உண்டு. அது சரியான அறைக்குள் போய்விட்டால் நோயாளியின் கன்னத்திலோ நெற்றியிலோ தோலுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி ஒளிரும். கையில் டார்ச்சை மூடிப்பிடித்தால் விரலிடுக்கில் தெரியும் சிவப்பு மாதிரி. பிறகு அந்தக் கம்பியின் மேலேயே பலூன் ஏறும். அதற்குள் ஏற்றுவது காற்றல்ல, கிருமி நீக்கிய உப்புநீர். விரிந்த பலூனின் விட்டம் 5 முதல் 7 மில்லிமீட்டர். அழுத்தமோ 12 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் உள்ளதைப் போல ஐந்து மடங்கு. சில நொடிகளில் வாயிலைச் சுற்றியுள்ள மெல்லெலும்பு நுண்ணியதாக நொறுங்கி ஒதுங்குகிறது. விழித்திருக்கும் நோயாளிக்கு அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம் மண்டைக்குள் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பலூனை வடித்து எடுத்தபின் அறையைக் கழுவிவிடுகிறார்கள்.

பலன் பற்றிப் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, 92 பேரைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ‘ரீமாடல்’ ஆய்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பலூன் செய்துகொண்டவர்களும் எண்டோஸ்கோப் அறுவை செய்துகொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். பலூன் தரப்பில் ரத்தக்கசிவும் ஓய்வுநாளும் குறைவு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் கடுமையற்ற நோய் உள்ளவர்கள். ஆய்வுக்குப் பணம் தந்ததும் பலூன் தயாரிக்கும் நிறுவனம்தான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட கருத்தொருமிப்பு தெளிவானது: சிடி ஸ்கேன் இல்லாமல் செய்யக்கூடாது, அறிகுறி இருந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், ஸ்கேனில் கோளாறு தெரிந்து அறிகுறி இல்லாவிட்டாலும் செய்யக்கூடாது. வெறும் தலைவலிக்குச் செய்வதும் தவறு. ‘சைனஸ் தலைவலி’ என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி.

மூக்கில் பாலிப் என்னும் சதை வளர்ந்தவர்களுக்கும், பூஞ்சை உருண்டை அடைத்தவர்களுக்கும் பலூன் உதவாது. அவற்றை எடுத்தே ஆக வேண்டும். சல்லடை அறைகளுக்குப் பலூன் விரிக்க ஒற்றை வாயில் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலேசியாவுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் இந்நாட்டில் பல நாடுகளைவிட அதிகம். சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் மிகுதி. ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் ரத்தக்கோடு, ஒரு காது அடைத்தல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் சைனஸ் என்று முடிவுகட்டக் கூடாது. இது எல்லா இனத்தாருக்கும் பொருந்தும்.

பினாங்கில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. மந்திரி தெருவில் 1883இல் சீன மருத்துவ அறநிலையமாகத் தொடங்கிய லாம் வா ஈ, 1924இல் தொடங்கிய அட்வென்டிஸ்ட் ஆகியவற்றின் வழிவந்த மரபு அது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணத்தில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருவோர் கூட்டம் தனி. கட்டணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: தனியார் மருத்துவரின் கட்டணத்துக்கு, தனியார் மருத்துவமனைகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் அட்டவணை உச்சவரம்பு வைக்கிறது, மருத்துவமனை போடும் கருவிச் செலவுக்கு அந்த வரம்பு இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பலூன் குழாய் இந்த இரண்டாவது கணக்கில் வருவதால், எத்தனை அறைகள், எத்தனை குழாய்கள் என்று முன்பே கேட்டு, காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் குடிமக்கள் 5 ரிங்கிட்டில் நிபுணரைப் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதமும் பொறுமையும் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. விமானம் ஏறும் நாளை மருத்துவரிடம் கேட்டே குறிக்க வேண்டும். கண்ணில் வீக்கம், பார்வை மங்கல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுதல் ஆகியவை அபூர்வம். வந்தால் அன்றே ஓட வேண்டும். ஸ்டீராய்டு தெளிப்பும் உப்புநீர்க் கழுவலும் முன்போலவே தொடரும். கழுவுவதற்குக் குழாய்நீரை அப்படியே எடுக்காமல், கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பயன்படுத்த வேண்டும்.