குழந்தை ஞானஸ்நானமும் சபையின் பொறுப்பும்

குழந்தை ஞானஸ்நானம் என்பது, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடும் பருவத்தை எட்டாத பிள்ளைக்குப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீர் கொண்டு அளிக்கப்படும் திருமுழுக்கு. கத்தோலிக்கர், கீழைத் திருச்சபையார், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபையார் ஆகியோர் இதைக் கைக்கொள்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் வழக்கமும் இதுவே. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபையார் இதை ஏற்பதில்லை. அவர்கள் பிள்ளையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபித்துவிட்டு, வளர்ந்தபின் அதுவே விரும்பி வரும்போது முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்.

கைக்குழந்தை ஒன்று ஞானஸ்நானம் பெற்றதாகப் புதிய ஏற்பாட்டில் வெளிப்படையான செய்தி இல்லை. லீதியாளும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றே இருக்கிறது. அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்பது ஒரு சாராரின் வாதம். கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், பிள்ளைகள் வளரும்வரை காத்திருப்பது நல்லது என்றார். அவர் மறுத்து எழுதியதிலிருந்தே வழக்கம் அப்போது இருந்தது தெரிகிறது. 253 வாக்கில் கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியானின் தலைமையில் அந்நகரில் கூடிய 66 பேராயர்கள், விருத்தசேதனம்போல எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். பின்னர் அகுஸ்தீனின் ஜென்மபாவப் போதனை இவ்வழக்கத்தை மேற்கில் ஆழமாக வேரூன்றச் செய்தது.

1525 ஜனவரியில் சூரிக் நகரில் ஒரு சிறு கூட்டத்தார் இதை மறுத்து, ஒருவருக்கொருவர் புதிதாக ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். விசுவாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு விசுவாசத்தின் அடையாளம் எப்படிப் பொருந்தும் என்பது அவர்களின் கேள்வி. தட்டிக்கழிக்க முடியாத கேள்வி அது. கேட்டதற்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையில் பிள்ளைகளும் அடங்கியதைச் சுட்டிக்காட்டிப் பதில் சொன்னார் சூரிக்கின் சீர்திருத்தப் போதகர் சுவிங்கிலி. பிள்ளை தனியாக வருவதில்லை, ஒரு ஜனத்துக்குள் பிறந்து வருகிறது என்பதே அந்தப் பதிலின் சாரம். அப்படியானால் அந்த ஜனம் பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொடுக்காத சபையில் இந்த வாதம் நிற்காது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், பிள்ளை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லாவிட்டால் திருமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்கிறது.

பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின்படி, பிள்ளைக்குப் பதிலாக வாக்குக் கொடுப்பவர்கள் ஞானப்பெற்றோர். ஆண்பிள்ளைக்கு ஞானத்தகப்பன்மார் இருவரும் ஞானத்தாய் ஒருவரும், பெண்பிள்ளைக்கு ஞானத்தாய்மார் இருவரும் ஞானத்தகப்பன் ஒருவரும் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் முறைமையில் பெற்றோரே முன்னின்று வாக்குக் கொடுக்கிறார்கள். ஆராதனை நடுவில் தாயும் தகப்பனும் ஞானஸ்நானத் தொட்டியருகே வருகிறார்கள். ஆயர் பிள்ளையை இடக்கையில் வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்கிறார். பெயர் சொல்லி மூன்று முறை தலையில் தண்ணீர் வார்த்து, நெற்றியில் விரலால் சிலுவை வரைகிறார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழ, கோயில் முழுவதும் முகம் மலர்கிறது. இந்த மகிழ்ச்சியில் பலர் கவனிக்காமல் விடுவது, சபையாரைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வியை. இந்தப் பிள்ளை ஆண்டவரை அறிந்து வளரும்படி நீங்கள் உண்மையாய் நடப்பீர்களா என்ற கருத்தில் அமைந்த அந்தக் கேள்விக்கு, எழுந்து நிற்கும் எல்லாரும் தேவ ஒத்தாசையோடு ஆம் என்கிறார்கள். பிள்ளையின் பெயரே தெரியாமல் பின்வரிசையில் நிற்பவரும் அந்த வாக்கில் பங்காளி. வீட்டில் தனியாக ஞானஸ்நானம் கொடுப்பது அவசர நிலைக்கு மட்டும் என்று சபைகள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்கை நிறைவேற்றும் இடங்கள் எளியவை. முதலாவது ஓய்வுநாள் பள்ளி. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரத் தொடங்கிய ஞாயிறு வகுப்புகளின் வழி வந்தது இது. கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் கீத பவனி, மனப்பாட வசனப் போட்டி ஆகியவற்றில் பிள்ளை விசுவாசத்தைக் கையும் காலுமாகப் பழகுகிறது. திருநெல்வேலிச் சீமையில் 1799இல் முதலூர் தொடங்கி எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்புகளில் கோயிலும் பள்ளிக்கூடமும் அருகருகே இருந்தன. எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்த பெருமை உபதேசியார்களுக்கு உண்டு. திட்டத்தில் எழுதப்படாத உதவிதான் இதைவிடப் பெரியது. தகப்பனை இழந்த பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் கோயிலுக்கு அழைத்துவரும் பக்கத்து வீட்டு அக்கா, ஆராதனையில் சிணுங்கும் குழந்தையைத் திரும்பி முறைக்காமல் மடியில் வாங்கிக்கொள்ளும் பாட்டி ஆகியோரே அந்த வாக்கை வாரந்தோறும் காப்பாற்றுகிறவர்கள். சிணுங்கலுக்கு முகம் சுளிக்கும் சபை, தான் கொடுத்த வாக்கைத் தானே மறுக்கிறது.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரப் போதகர் ஹோரஸ் புஷ்னெல், 1847இல் கிறிஸ்தவ வளர்ப்பு பற்றி எழுதிய நூலில், பிள்ளையைப் பாவியாக வளரவிட்டுப் பின்னாளில் மனந்திரும்புதலுக்குக் காத்திருக்கும் போக்கைக் கண்டித்தார். வீடும் சபையும் அன்றாட வாழ்வால் பிள்ளையை உருவாக்குகின்றன என்ற அவருடைய கருத்து, பிற்காலக் கிறிஸ்தவக் கல்விக்கு வழிகாட்டியது.

பருவமடைந்த பிள்ளை, வகுப்பில் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் படித்தபின் திடப்படுத்தலுக்கு வருகிறது. பெற்றோர் சொன்ன பதிலை இப்போது தானே சொல்கிறது. பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார். கத்தோலிக்கர் இதை உறுதிப்பூசுதல் என்பர். கீழைத் திருச்சபைகளில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஞானஸ்நானத்தோடேயே தைலப்பூச்சும் நற்கருணையும் குழந்தைக்குக் கிடைக்கின்றன.

குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர் வேறு சபையில் மீண்டும் முழுக்கு எடுக்கும்போது குடும்பங்களில் மனவருத்தம் உண்டாகிறது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982ஆம் ஆண்டு லீமா ஆவணம், ஞானஸ்நானம் திரும்பக் கொடுக்கத்தக்கதல்ல என்கிறது. 1970இல் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்திஸ்துகளும் சேர்ந்ததால், குழந்தை ஞானஸ்நானம், விசுவாசியின் ஞானஸ்நானம் ஆகிய இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. எது தங்கள் பிள்ளைக்கு என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள்.