குளம் தொட்ட கைகள்

1971 ஆம் ஆண்டு ஈரானின் ராம்சார் நகரிலே பிறந்த உடன்படிக்கையின் வகைப்பாடு, ஈரநிலங்களைக் கடலோரத்தன, உள்நாட்டன, மனிதன் ஆக்கியன என மூன்றாகப் பகுக்கிறது. இலங்கை 1990 இல் அதிற் சேர்ந்தது. வன்னியில் இம்மூன்றும் உள. முல்லைத்தீவின் நந்திக்கடல் முதல்வகை, கனகராயன் ஆறு இரண்டாவது, குளங்கள் மூன்றாவது.

நெளுக்குளம் முதலாக வவுனியாவின் ஊர்ப்பெயர்கள் பல குளமென்றே முடிவதேன்? வற்றாத ஆறில்லாத வரண்ட மண்ணில், மாரி மழையை அணைகட்டித் தேக்கியே உழவன் ஊர் கண்டான். மேற்குளத்து வான் பாய்ந்த நீர் கீழ்க்குளத்தை நிறைத்தது.

மன்னர் பெயரைப் பொறித்த வரலாறு, மண் சுமந்த தோள்களை மறந்தது. ‘மனிதன் ஆக்கியன’ என்னும் சொல்லோ அவர்களை நினைவூட்டுகிறது. குளத்தைத் தூர்த்து மனையாக்குவோர் அழிப்பது வெறும் பள்ளத்தையன்று, தலைமுறைகளின் உழைப்பை!