அறுப்பின் பண்டிகையும் கிராமக் கிறித்தவமும்

அறுப்பின் பண்டிகை, நிலம் தந்த விளைச்சலுக்காகக் கிறித்தவர்கள் ஆண்டுதோறும் கடவுளுக்கு நன்றி செலுத்தும் விழா. தமிழகத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிச் சபைகளில் இது ஊர்த் திருவிழாவாகவே வேரூன்றியிருக்கிறது. உழவும் பனைத்தொழிலும் கால்நடையுமாக நகரும் அன்றாட வாழ்வைத் தங்கள் வேதத்தோடு சேர்த்து வாசிக்கும் ஓர் ஆன்மிகம் இந்த விழாவைச் சுற்றி வளர்ந்துள்ளது. இயற்கையில் கடவுளைக் காண்பது என்றதும் மலையையும் மாலை வானத்தையும் பார்த்து நெகிழ்வதே பலருக்கு நினைவுக்கு வரும். இந்தக் கிராமங்களின் பக்தியில் அதற்கு இடம் குறைவு. விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் வைப்பதே இங்கே அதன் முதன்மையான வடிவம்.

வேர்கள்

முதற்பலனைக் கடவுளுக்குக் கொடுக்கும் கட்டளை யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் உள்ளது. பெந்தெகொஸ்தே நாளே முதலில் யூதர்களின் கோதுமை அறுவடை விழாதான். இயேசு பேசியதும் கலிலேயாவின் வயற்காட்டு மொழி: விதைக்கிறவன், கடுகு விதை, கோதுமையில் முளைத்த களை, திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள். ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகர ஆயர் மாமெர்துஸ், பேரிடர்களிலிருந்து காக்க வேண்டி மன்றாட்டு ஊர்வலங்களைத் தொடங்கினார். காலப்போக்கில் அவை வயல்களை ஆசீர்வதிக்கும் நாட்களாக மாறி ஐரோப்பாவெங்கும் பரவின. ஆங்கிலிக்கன் சபைகளில் இன்று காணும் அறுப்பின் பண்டிகை 1843இல் உருவம் பெற்றது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், புது தானியத்தில் செய்த அப்பத்தோடு திருவிருந்துக்குத் தம் மக்களை அழைத்தார். இந்த ஆங்கிலிக்கன் மரபின் வழியாகவே விழா நெல்லைச் சீமைக்கு வந்தது.

வந்த விழாவை ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது. வாசலில் குலை தள்ளிய வாழை, தூணில் கரும்பு, பலிபீடத்தருகே பூசணி, இளநீர், முருங்கைக்காய்க் கட்டு, நெல் மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல் என்று கோயில் அன்று நிறைந்துவிடும். புதுக் கோழி இட்ட முதல் முட்டைகளைச் சிறு பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பாட்டிகளும் உண்டு. ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். சந்தையில் சில நூறு ரூபாய்க்குப் போகும் சேவல் இங்கே பல மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடி காணிக்கையாகக் கொடுக்க, அதே சேவல் இரண்டாம் முறை ஏலத்துக்கு வரும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்து ஏலம் எடுப்பதைக் கடமையாகவே கருதுகிறார்கள். இதை வெறும் நிதி திரட்டல் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரு வீட்டின் உழைப்பை ஊர் அறிய உயர்த்திப் பிடித்துப் பெயர் சொல்லும் தருணம் இது. ஏழை வீட்டுச் சுரைக்காய்க்கும் அந்த மரியாதை கிடைக்கிறது.

பல ஊர்களில் இதே உணர்வின் இன்னொரு வடிவம் அசனப் பண்டிகை. பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பார்கள்.

பனை

இத்தென்மாவட்டங்களின் செம்மணல் நிலமான தேரிக்காட்டின் கிறித்தவத்தைப் பனையை விட்டுவிட்டுப் பேச முடியாது. பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, காலையும் மாலையும் ஏறி இறங்கி, விடிலி என்னும் குடிசையில் பதனீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கும் குடும்பங்களே இப்பகுதியின் பல சபைகளைக் கட்டின. கோயில் கட்டவும் பள்ளி நடத்தவும் கருப்பட்டியே காணிக்கையானது. பதனீர்ப் பருவத்துக்குள்தான் லெந்து என்னும் தவக்காலமும் குருத்தோலை ஞாயிறும் வருகின்றன. எருசலேமில் இயேசுவை வரவேற்ற ஓலை, இங்கே ஏறுகிறவரின் கையிலிருந்தே பிள்ளைகளின் கைக்குச் சிலுவையாகவும் கிளியாகவும் முடையப்பட்டு வருகிறது. கத்தோலிக்கர்கள் அந்த ஓலையை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். மறு ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் அதிலிருந்து வருகிறது. மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை பனைகளைத் தேடி மோட்டார் சைக்கிளில் பயணம் செய்த போதகர் காட்சன் சாமுவேல் எழுதிய 'பனைமரச் சாலை' இந்த உறவைத் தமிழில் அக்கறையோடு பேசும் நூல்.

பிடி அரிசி

பண்டிகை ஆண்டுக்கு ஒருமுறை. பிடி அரிசியோ ஒவ்வொரு உலைக்கும் உண்டு. அரிசி களைவதற்கு முன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததும் சபைக்குக் கொடுப்பது இந்தியக் கிராமச் சபைகள் பலவற்றில் காணும் பழக்கம். கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகள், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்காகப் பிடியரி திரட்டினார். மிசோரமில் 1910இல் பெண்கள் தொடங்கிய 'புஹ்ஃபாய் தாம்' இன்றும் அங்குள்ள திருச்சபையின் பெரிய வருவாய்களில் ஒன்று. நெல்லை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டின் ஏழை விவசாயக் கூலிகளிடையே தானியமாகவும் கோழியாகவும் காணிக்கை கொடுக்கும் வழக்கத்தை ஊக்குவித்தார். கொடுப்பவர்களைக் கையேந்துகிறவர்களாக யாரும் நினைக்க முடியாது என்பதை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். காசு புழங்காத அடுக்களையில் பெண் தன் விருப்பப்படி அளந்து கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அரிசி. அதனால் பிடி அரிசியைப் பெண்களின் வழிபாடு என்றே சொல்லலாம்.

பாட்டும் நிலமும்

வேலையின் தாளத்தை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஏற்றத்தில் நீர் இறைப்பவர்களின் பாட்டு வடிவில் 'ஞான ஏற்றப்பாட்டு' இயற்றினார். 'பெத்லகேம் குறவஞ்சி'யில், குறவஞ்சிக்கே உரிய பறவை பிடிக்கும் பகுதி ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியமாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு இன்னும் ஆழமாகப் போனார். 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்ட அவர், கீர்த்தனைகளின் செவ்வியல் இசைக்குப் பதிலாகப் பறையும் கிராமியப் பாட்டும் பேச்சுத் தமிழும் கொண்டு வழிபாட்டு முறைகளை அமைத்தார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பது அவருடைய இறையியலின் மையம். சாதி பிரித்து உட்காரும் சபைக்குத் திருவிருந்தின் பொருள் எப்படி விளங்கும் என்பதே அவர் விடாமல் எழுப்பிய கேள்வி.

இந்தக் கேள்வி இல்லாமல் கிராம ஆன்மிகத்தைப் பாராட்டுவது அரைகுறையானது. கிராமக் கிறித்தவர்களில் பெரும் பகுதியினர் பிறர் நிலத்தில் அறுத்த தலித் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் படைத்த நெல் சொந்த விளைச்சல் அல்ல, கூலியாக வாங்கிய நெல். லேவியராகமம் முதற்பலனைக் கேட்கும் அதே அதிகாரத்தில், வயலோரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படியும் கட்டளையிடுகிறது. அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களில் முதல் கட்டளை ஆண்டுதோறும் கேட்கிறது. இரண்டாவதும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும்.