நஞ்சுக்கொடியில் ஒளிந்த காய்ச்சல்

கேமரன் மலைத் தேயிலையின் வரலாற்றை 1885இல் வில்லியம் கேமரன் அம்மலையை ஆய்ந்ததிலும், 1929இல் ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவியதிலும் தொடங்குவது வழக்கம். அத்தோட்டத்துக்குப் பல்லாண்டுகள் முன்பே அடிவாரத்துப் பால்மரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் மலேரியாவுக்கு இரையாகிக்கொண்டிருந்தனர்.

கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். குன்றுப் புறத்திலோ அவ்வழி மட்டும் பலிக்கவில்லை. கரையோரத்தில் காட்டை வெட்டினால் கொசு அகன்றது; குன்றில் வெட்டினால், வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனாபிலிஸ் மாகுலேட்டஸ் என்னும் கொசு பெருகிற்று! நிலத்தடிக் குழாய் பதித்தும் எண்ணெய் தெளித்துமே அதனை ஒடுக்க வேண்டியதாயிற்று. தேயிலை விளையும் குளிர்ந்த உயரங்களில் கொசுவின் உடலில் கிருமி வளர்வது கடினம். ஆயின் கீழே நோய் பற்றிக் கருவோடு மலையேறிய பெண்ணுக்கு அக்குளிர் காப்பாகாது.

கருவுற்றவளின் குருதியைச் சோதித்தால் சில வேளை கிருமி அரிதாகவே தென்படும். எனினும் அவளைச் சோகை வாட்டும். கரு சிதையும், அல்லது பிள்ளை எடை குன்றிப் பிறக்கும். அவள் உடல்வாகின் மேல் பழி போடுவது எளிது. கிருமி எங்கே போயிற்று? நஞ்சுக்கொடியில் குவிந்து கிடந்தது. கென்யாவில் கார்ணாம் 1938இலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். அது அங்கே தங்குவதன் காரணம் 1996இல்தான் புலப்பட்டது. நோயுற்ற சிவப்பணுக்கள் காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்வதாக மிகல் ஃபிரைடும் பாட்ரிக் டஃபியும் காட்டினர். பால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமியின் கொக்கியான வார்2சிஎஸ்ஏ 2003இல் அறியப்பட்டது. சங்கிலியைத் தாங்கும் புரதம் சிண்டிக்கன்-1 என்பது 2016இல் வெளியாயிற்று. உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் இத்தகைய சர்க்கரை தாங்கிய புரதங்களுக்குப் புரோட்டியோகிளைகான் என்று பெயர். சிண்டிக்கனை ஆக்கும் மரபணு நம் இரண்டாம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவில் பழுது ஏதுமில்லை என்பது கருதத்தக்கது. தாய்க்கும் சேய்க்கும் உதவும் நல்ல உறுப்பையே கிருமி தன் தங்குமிடமாக்கிக்கொள்கிறது.

காய்ச்சல் ஓயாத நாடுகளில் முதற் பேறே பெரும்பாலும் கொடியது. அடுத்தடுத்த பேறுகளில் கொக்கியை எதிர்க்கும் பொருள் தாயின் குருதியில் ஊறிவிடும். ஊர் விட்டு ஊர் வந்த தோட்டப் பெண்ணிடம் அது ஊறியிருக்க வழி ஏது?

மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. எஞ்சியிருப்பது குரங்கிலிருந்து தொற்றும் நோலிசி மலேரியா; மனிதனுக்கு இயற்கையாக அது தொற்றியதாக 1965இல் முதன்முதல் அறியப்பட்டதும் பகாங் காட்டிலேதான். அக்கிருமிக்கு இந்தக் கொக்கி இல்லை. ஆப்பிரிக்கத் தாய்மாருக்கோ ஆபத்து நீங்கவில்லை. வார்2சிஎஸ்ஏ கொண்டு ஆக்கிய இரு தடுப்பூசிகள் மனிதரிடம் முதற்கட்டச் சோதனையை முடித்துள்ளன.