வம்சாவளியும் வாரிசுச் சான்றும்: வடக்கெல்லையிலிருந்து சில குறிப்புகள்

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு குடும்பம் நூற்றைம்பது வருஷமாக ஒரே தெருவில் குடியிருந்திருக்கலாம். காகிதத்தில் அது நான்கு மாவட்டங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 1911 வரை வடாற்காடு. பிறகு சித்தூர். 1953இல் அந்தச் சித்தூரோடு சேர்ந்து ஆந்திரா. வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். எல்லைப் போராட்டம் பற்றிய நமது கதையாடல்கள் மண்ணைப் பற்றியே பேசுகின்றன. ம.பொ.சி. பெயரும் திருத்தணியும் மேடைகளில் வந்துபோகின்றன. மண்ணோடு சேர்ந்து கணக்குப் புத்தகங்களும் கைமாறினவா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. தன் பாட்டனைத் தேடுகிறவனுக்கோ முதல் கேள்வியே அதுதான்: எந்த ஊரு ஆபீசுக்குப் போறது?

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. இந்தப் பகுதி கார்வேட்நகர் ஜமீனுக்குள் கிடந்தது. ரயத்துவாரி கிராமத்தில் உழவன் நேரே சர்க்காருக்கு வரி கட்டினான். ஆகவே அவன் பெயர் சர்க்கார் பதிவேட்டில் ஏறியது. ஜமீனில் சர்க்காருக்குத் தெரிந்த பெயர் ஜமீன்தாருடையது மட்டுமே. உழுதவன் பெயர் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டத்தில்தான் பல குடும்பங்கள் முதன்முறையாக அரசின் காகிதத்தில் பெயராக உருவெடுக்கின்றன. அப்போது இங்கே நடந்தது ஆந்திர நிர்வாகம். தெலுங்கு எழுத்துத் தெரியாமல் இங்கே குடும்ப வரலாறு தேடப் போகிறவர் ஒற்றைக் கண்ணோடு போகிறார் என்றுதான் சொல்வேன். நமது மொழிப் பெருமிதத்துக்கு இது கொஞ்சம் கசக்கும்.

நிலமே இல்லாதவனுக்கு என்ன? பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியை நம்பி வாழ்ந்தவர்களின் பெயர் பட்டாவில் இராது. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கலாம். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், சாதி, ஊர் எல்லாம் இருக்கும். வாரிசுரிமை வழக்குக் கட்டு, வில்லங்கச் சான்று, குலதெய்வக் கோயிலின் வரிப் புத்தகம் இவையெல்லாம் ஆவணம்தான். ஆவணக் காப்பகம் என்றதும் எழும்பூரை மட்டும் நினைக்கப் பழகியிருக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871 முதல் நடந்திருந்தாலும் நமக்கு எஞ்சியிருப்பது கூட்டுத்தொகை. வீடு வீடாக எழுதிய தாள்கள் காக்கப்படவில்லை. அரசுக்கு எண்ணிக்கை போதும். பெயர் எதற்கு?

பெயர் தேவைப்பட்ட இடங்களும் உண்டு. 1860க்கும் 1911க்கும் இடையே சுமார் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக. அனுப்பிய மாவட்டங்களில் முக்கியமானது வடாற்காடு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலிருந்த தழும்பு. கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம், இன்று டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேத்திக்குப் பாட்டியின் ஒரே சித்திரமாக மிஞ்சியிருக்கிறது. மொரீஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இப்படிப்பட்ட ஒப்பந்தக் கூலி ஆவணங்களைப் புகைப்படங்களோடு வைத்திருக்கிறது. கப்பலேறிய அக்காளுக்குக் கோப்பு உண்டு; ஊரிலேயே இருந்து களையெடுத்துச் செத்த தங்கைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆவணம் என்பது அதிகாரத்துக்கு ஒரு உடம்பின் மேல் இருந்த அக்கறையின் அளவு. அன்பின் அளவு அல்ல.

மேலே இருப்பவர்களின் கதை வேறு. பாளையக்காரர்கள் கும்பினியிடம் தங்கள் உரிமையை நிலைநாட்ட வம்சாவளி எழுதிக் கொடுத்தார்கள். காலின் மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் இவை ஏராளம். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஒரு பகுதி இருக்கிறது. வம்சாவளி அன்றே ஒரு மனுதான். அண்மைக் காலத்துச் சாதிச் சங்கங்களின் 'குல வரலாறு' வெளியீடுகள் அதே மனுவை வேறு ஆபீசுக்கு எழுதுகின்றன: நாங்கள் ஆண்ட பரம்பரை. நீட்சேயை முன்வைத்து ஃபூக்கோ 1971இல் வம்சாவளி பற்றி எழுதியது இங்கே உதவும். பின்னோக்கிப் போகப் போகத் தூய்மையான மூலம் கிட்டாது. விபத்துகளும் கலப்புகளும் அற்பமான தொடக்கங்களுமே கிட்டும். "எங்க முன்னோர் தாது வருஷப் பஞ்சத்துல இங்க வந்தவங்க" என்று வீட்டுக் கிழவி சொல்வதில் இருக்கும் வரலாறு (1876-78), சங்க வெளியீட்டின் சேர சோழ பாண்டியரில் இல்லை.

ஆனால் கீழே இருப்பவர்களிடம் அரசே வம்சாவளி கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்து இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வேண்டுமானால் 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அப்பனுக்குச் சான்று இருக்கா, தாத்தாவுக்கு இருக்கா என்ற கேள்வி வரும். பாட்டனுக்குக் காகிதமே தராத அரசு, பேரனிடம் பாட்டனின் காகிதத்தைக் கேட்கிறது. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்குபோட்டது; எந்தக் கிராமத்திலிருந்து பாட்டன் தேயிலைக்குப் போனான் என்று நிரூபிக்கும் சுமை மட்டும் குடும்பத்தின் தலையில். பஞ்சமி நில மீட்பிலும் இதே கதைதான். 1892இல் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு இன்று உரிமை கோருகிறவர் வாரிசுத் தொடர்ச்சியைக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டார்கள். (சர்க்கார் தரிசு இல்லாத ஜமீன் பகுதியில் அந்த ஒதுக்கீடு எட்டியிருக்க வாய்ப்பே குறைவு. பள்ளிப்பட்டுச் சேரிகளின் கோரிக்கையை வேறு வகையில்தான் கட்ட வேண்டியிருக்கும்.)

எனவே குடும்ப வரலாற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு இதில் நல்ல வசதி. அவர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துக்கென்று தனி வரிசையாகவே இருக்கின்றன. வழிகாட்ட 1998இல் தொடங்கிய ஒரு சங்கமும் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு யாப்பும் அணியும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பழைய பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. கற்க வேண்டியது ஒன்றும் மலையல்ல. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு: பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கிய வருஷம். நூறு குழி ஒரு காணி. தமிழ் எண்கள், கொஞ்சம் தெலுங்கு எழுத்து, சர்வே எண் மாறும்போது பழைய எண்ணைத் தொடரும் வித்தை. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைகளும் பத்திர எழுத்தர்களும் இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை உட்காரவைத்தால் இவற்றில் பாதியை அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் பத்துப் பேரில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். பட்டாவிலும் பத்திரத்திலும் 'இன்னார் மனைவி' என்று மட்டும் நிற்பவளின் சொந்தப் பெயரும் தாய்வீட்டு ஊரும் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன.