கண்டியில் இரு தேவாலயங்கள்

தலதா மாளிகையைத் தரிசித்துவிட்டு நகரை நோக்கித் திரும்பும் யாத்திரிகனின் முன்னே செங்கல்லால் ஆகிய ஓர் ஆங்கிலேயத் தேவாலயம் நிற்கிறது. பரிசுத்த பவுலின் பெயர் தாங்கிய அதன் கூர்வளைவுச் சாளரங்களும் கோபுரமும் கோதிக் மரபைச் சேர்ந்தவை. நாத தெய்வத்துக்கும் பத்தினித் தெய்வத்துக்கும் உரிய பழங்கோவில்களுக்கு அருகே, பௌத்த உலகின் தலையாய தலமொன்றின் வாயிலிலேயே அது எழுந்தது எவ்வாறு? அன்றாடம் அவ்வழியே செல்லும் நாம் இவ்வினாவை எழுப்புவது அரிது.

விடை தேட வேண்டிய இடம் தொலைவில் இல்லை. மாளிகை வளவிலேயே ‘மகுல் மடுவ’ எனப்படும் அரசவை மண்டபம் உண்டு. நாயக்கர் வமிசத்தவனான இராஜாதி இராஜசிங்கன் 1783-ல் அதனைக் கட்டத் தொடங்கினான். செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் கூரை. நாற்புறமும் சுவரற்ற திறப்பு. 1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்த உடன்படிக்கை அங்குதான் வாசிக்கப்பட்டது. அரசன் அமர்ந்த மண்டபத்தை வென்றவர்கள் தம் ஞாயிறு வழிபாட்டுக்கும் பயன்படுத்திக்கொண்டனர். கல்கத்தா அத்தியட்சர் ரெஜினோல்ட் ஹீபர் 1825-ல் கண்டிக்கு வந்தபோது பிரசங்கம் செய்ததும் அம்மண்டபத்திலேயே.

இரவல் மண்டபம் நெடுநாள் போதவில்லை. 1843-ல் பவுல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1846-ல் வழிபாடு தொடங்கிற்று. கண்டியைக் காவல்செய்த படையினரின் தேவாலயம் அது. அவ்வாண்டுகள் எத்தகையவை? மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாக மாறிய காலம். தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சத்தால் உந்தப்பட்ட எம் முன்னோர் மன்னார்க் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியிலேயே நோயாலும் பசியாலும் மடிந்துகொண்டிருந்த காலம். 1848-ல் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் குருநாகலிலும் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. குடாபொல தேரர் கண்டியில் காவியுடையுடனேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அச்செங்கற் சுவர்களின் வயது அப்போது ஒரு சில ஆண்டுகளே.

இது கண்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பரிசுத்த பற்றிக் பேராலயம், கிறிஸ்து பேராலயம் என இரு பழம் பேராலயங்கள் இருக்கின்றன. நாட்டுமக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருக்க, இவ்விரண்டும் மதச் சீர்திருத்தக் காலத்திலிருந்து ஆளும் சிறுபான்மையினரின் அங்கிலிக்கன் சபைக்கே உரியனவாயின. அச்சபை பேணப்படுவதற்கு வேற்றுச் சபையைச் சேர்ந்த ஏழைக் குடியானவனும் தசமபாகம் செலுத்த வேண்டியிருந்தது. அரசமதம் என்ற அதன் தகுதியை நீக்கும் சட்டம் 1869-ல்தான் நிறைவேறியது. பற்றிக் பேராலயத்தில் ஐரியப் படைப்பிரிவுகளின் கொடிகள் இன்றும் தொங்குகின்றன. அப்படைப்பிரிவுகள் போரிட்டது யாருடைய பேரரசுக்காக என்பதை விரித்துரைக்க வேண்டுமோ?

ஆயினும் அடிமைப்பட்ட நாடு தன் கலைமரபை மீட்டெடுக்க முனைந்த கதையும் அங்கு உண்டு. 1916-ல், உயிர்த்த ஞாயிறு எழுச்சி நசுக்கப்பட்ட சில மாதங்களின் பின், கோர்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஹோனன் சிற்றாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஆங்கிலேயக் கோதிக்கை விடுத்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஐரியக் கட்டட வடிவையே அதனைக் கட்டியோர் நாடினர். அதன் பத்தொன்பது வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுள் பதினொன்று ஹரி கிளார்க் என்னும் இளங்கலைஞரின் கைவண்ணம்.

இதற்கு இணையாக நம் கண்டியில் நிற்பது திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம். அதிபர் ஏ. ஜி. பிரேசர் மிசனரிதான், எனினும் சிங்களமும் தமிழும் அறியாத கல்வி ஊனமானது என வாதிட்டவர். அவர் காலத்தில், 1923-ல், அடிக்கல் இடப்பட்டது. வடிவமைத்தவர் அருட்திரு எல். ஜே. கேஸ்டர். கட்டடம் அர்ப்பணிக்கப்பட்டது 1935-ல். கூர்வளைவுகளுக்கு அங்கு இடமில்லை. பண்டைய அரசவை மண்டபங்களின் மரபில், செதுக்கிய கருங்கல் தூண்களின் மீது கூரை அமர்ந்திருக்கிறது. அரசனின் மண்டபத்தைத் தேவாலயமாக்கியவர்களின் வழிவந்தோர், ஒரு நூற்றாண்டு கழித்துத் தம் தேவாலயத்தையே அரசவை மண்டபமாகக் கட்டினர்! இதனை மனமாற்றம் என்போரும் உளர். தந்திரம் என்போரும் உளர். இரண்டும் கலந்ததென்றே நமக்குத் தோன்றுகிறது.

‘சுதேச வடிவம்’ என்று பெருமை பேசுவோருக்கு ஒன்று நினைவூட்டல் தகும். அவ்வடிவம் ஓரினத்தின் தனிச்சொத்தன்று. கண்டிக்கு மேற்கே, பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள கடலாதெனியா விகாரையை 1344-ல் கல்லில் எழுப்பியவர் தென்னிந்தியச் சிற்பி கணேசுவராசாரி. அதே காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. எம்பக்கையில் தாமரையும் மல்லரும் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்ட மரத்தூண்கள் தாங்கும் கோவில், கதிர்காமத்துக் கடவுளாகிய நம் முருகனுக்குரியது. உளி பிடித்த கைகளுக்கு இனப்பகை தெரிந்திருக்கவில்லை.

கல்லூரிச் சிற்றாலயத்திற்கு உயிரூட்டுவன அதன் சுவரோவியங்கள். தீட்டியவர் டேவிட் பெயின்டர். 1900-ல் இந்தியாவின் அல்மோராவில் ஆங்கிலேய மிசனரித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, இக்கல்லூரியிலேயே பயின்று, இலண்டன் ரோயல் அக்கடமியில் ஓவியம் கற்றுத் திரும்பியவர். சீடரின் கால்களைக் கழுவுதல், நல்ல சமாரியன், சிலுவையேற்றம் முதலிய காட்சிகளை அவர் வரைந்தார். அவற்றில் பொன்முடியும் நீலக்கண்ணும் கொண்ட ஐரோப்பிய இயேசுவைக் காணோம். தாடியற்ற, மாநிற மேனியனான ஓர் இளைஞன் நிற்கிறான். அவனைச் சூழ்ந்த மாந்தரும் மரஞ்செடிகளும் நம் மண்ணுக்குரியவை. சிலுவை நடப்பட்டிருப்பது எருசலேமின் குன்றிலன்று, கண்டல் மரங்கள் அடர்ந்த சேற்று நிலத்தில்.

வசதி படைத்தோரின் பிள்ளைகள் பயின்ற கல்லூரியின் சுவரில் இத்தகைய மனிதர் ஏறியது சிறு செய்தியன்று. அவர்களை ஓவியர் எங்கே அறிந்தார் என்று கேட்பின், அவருடைய பெற்றோரின் இல்லத்தைக் காட்டலாம். தோட்டத்துரைமாருக்கும் கொழுந்து பறித்த பெண்களுக்கும் பிறந்து, தகப்பனால் மறுக்கப்பட்ட குழந்தைகளுக்காக நுவரெலியாவில் அவர்கள் ஓர் இல்லம் நடத்தினர். ஐரோப்பியத் தந்தையின் பெயரைத் தாங்கி வளர்ந்த பெயின்டர், அப்பெயர் மறுக்கப்பட்ட பிள்ளைகளை அங்கே கண்டிருந்தார்.