மின்னணுத் தடுப்பூசிப் பதிவேடு: வளரும் நாடுகளில் அதன் மதிப்பீடு

பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் தனி எண் கொடுத்துப் பதிந்து, எந்தத் தடுப்பூசி எந்த நாளில் எங்கே போடப்பட்டது, அடுத்த தவணை எப்போது என்பதைக் கணினியிலோ கைப்பேசியிலோ தொடர்ந்து குறித்துவரும் முறையே மின்னணுத் தடுப்பூசிப் பதிவேடு. மாதத்துக்கு எத்தனை ஊசி போடப்பட்டது என்ற கூட்டுத்தொகையை மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கை முறை இதற்கு முந்தையது. கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு, தவணை தவறிய குழந்தையின் வீட்டைத் தேடிப் போக முடியாது. பெயர்ப் பதிவு இருந்தால் போகலாம். அந்தத் தேடல் உண்மையிலேயே நடக்கிறதா, அதனால் ஊசி உரிய காலத்தில் போடப்படுகிறதா என்று சோதிப்பதுதான் இம்முறைகளின் மதிப்பீடு.

உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா அதை 1978இல் மேற்கொண்டு, 1985இல் அனைவருக்குமான திட்டமாக விரித்தது. அன்று இருந்தவை மூன்று: சுகாதார நிலையத்தின் பெரிய பதிவேடு, ஊசி போடப்போட ஒவ்வொரு கோடாகக் கிழித்து எண்ணும் தாள், தாயின் கையில் கொடுக்கப்படும் அட்டை. போட்ட ஊசிகளைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து விழுக்காடு சொன்னார்கள். குழந்தைகளின் எண்ணிக்கையோ பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஊகித்தது. ஆகவே சில மாவட்டங்களில் விழுக்காடு நூறைத் தாண்டியது. இதைச் சரிபார்க்கவே 30 ஊர்த்தொகுதிகளைத் தேர்ந்து, தொகுதிக்கு 7 குழந்தைகள் வீதம் வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்க்கும் மாதிரிக் கணக்கெடுப்பு பரவியது. அட்டை தொலைந்த வீடுகளில் தாயின் நினைவுதான் சாட்சி.

புள்ளிவிவரத்தோடு பணம் சேர்ந்தபோது நிலைமை மாறியது. 2000இல் தொடங்கப்பட்ட ‘காவி’ என்னும் பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி, கூடுதலாகத் தடுப்பூசி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்ற கணக்கில் ஏழை நாடுகளுக்கு ஊக்கத்தொகை அளித்தது. முன்னெச்சரிக்கையாகத் தரவுத் தணிக்கையும் வைத்தது. அறிக்கையில் சொன்ன ஊசிகளில் குறைந்தது 80 விழுக்காட்டுக்காவது சுகாதார நிலையப் பதிவேட்டில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் 2008 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் ஸ்டீபன் லிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஊக்கத்தொகை பெற்ற 51 நாடுகளின் அரசு அறிக்கைகளின்படி கூடுதலாக முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) ஊசியின் மூன்று தவணைகளையும் பெற்ற குழந்தைகள் 1 கோடியே 39 லட்சம். வீட்டுக் கணக்கெடுப்புகளின் அடிப்படையில் மதிப்பிட்டால் அது 74 லட்சமே. தணிக்கையாளர் பதிவேட்டையும் அறிக்கையையும் ஒப்பிட்டார். பதிவேட்டையும் குழந்தையையும் ஒப்பிடவில்லை. பின்னால் வந்த மின்னணு முறைகளை எடைபோடும் எவரும் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

மின்னணுப் பெயர்ப் பதிவில் லத்தீன் அமெரிக்கா முந்திக்கொண்டது. உருகுவே 1987லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கைப்பேசி பரவிய பிறகே அது சாத்தியமாயிற்று. வியட்நாமின் மெக்கோங் கழிமுகத்திலுள்ள பென் டிரே மாகாணத்தில் ‘பாத்’ என்ற பன்னாட்டுச் சுகாதார அமைப்பின் துணையோடு உருவான பதிவேடு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியது. உரிய நாளில் ஊசி பெறும் குழந்தைகள் கூடினர் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான முறையும் தொடங்கியது. முன்னும் பின்னும் ஒப்பிடும் இத்தகைய ஆய்வுகளுக்கு ஒரு குறை உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் சாலை வந்திருக்கலாம், மருந்து வரத்து சீராகியிருக்கலாம். எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அதிகம் கற்றுத்தந்த களம் தான்சானியாவும் ஜாம்பியாவும். 2013இல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் ‘பாத்’ அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தான்சானியாவில் அருஷா பகுதியிலும், ஜாம்பியாவில் தெற்கு மாகாணத்திலும் செவிலியர் கையில் டேப்லெட் வந்தது. பதிவேட்டின் பயன்பாட்டைப் பதிவேட்டின் தரவிலிருந்தே கணக்கிட்ட விதம் இங்கே புதிது: எந்த நிலையம் எந்த வாரத்தில் பதிந்தது, எந்த வாரம் மௌனமாக இருந்தது என்று பார்த்தார்கள். நிலையத்துக்கு நிலையம் பெரிய வேறுபாடு தெரிந்தது. மின்சாரமும் இணையமும் காரணங்களில் சில. அவற்றைவிட ஆழமான காரணம், தாள் போகாததுதான். மேலதிகாரிகள் பழைய பதிவேட்டையும் கேட்டார்கள், டேப்லெட்டையும் கேட்டார்கள். வாசலில் தாய்மார் வரிசை நிற்க, ஒரே குழந்தையை ஒரே செவிலியர் இரண்டு மூன்று இடங்களில் எழுத வேண்டியிருந்தது. இந்த இரட்டைச் சுமையை ஒரு குறையாகப் பட்டியலின் கடைசியில் எழுதும் வழக்கம் மதிப்பீட்டு அறிக்கைகளில் உண்டு. அது முதல் வரியில் வர வேண்டியது. செவிலியரின் நேரத்தைத் தின்னும் பதிவேடு, தேடிப்போக வேண்டிய குழந்தைக்கான நேரத்தையே தின்கிறது.

இந்தியாவில் 2009இல் தொடங்கிய தாய் சேய் கண்காணிப்பு முறையிலும் இதே சிக்கல். ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் தன் நோட்டில் எழுதியதை வட்டார அலுவலகத்தின் தரவுப் பதிவாளர் கணினியில் ஏற்றினார். ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் நடந்த ஆய்வு, பதிவுகள் நிறைவின்றி இருந்ததையும், கணினி தயாரித்த பணிப்பட்டியல் களப்பணிக்குப் போதிய அளவு உதவாததையும் எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டின் தாய் சேய் பதிவு முறையான ‘பிக்மி’ வேறு உத்தியைக் கையாண்டது. கருவுற்ற பெண்ணைக் கிராம சுகாதார செவிலியர் பதிவுசெய்து எண் வழங்குகிறார். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை என்று பின்னர் ஆக்கப்பட்டது. இதனால் குழந்தை பிறக்குமுன்பே பதிவில் வந்துவிடுகிறது. வகுக்கும் எண் ஊகமாக இருந்த பழைய சிக்கலுக்கு இதைவிட நேரான விடை அரிது. ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணின் குழந்தை எந்த ஊர்க் கணக்கில் தொடரும், வேலைதேடி வந்த வெளிமாநிலக் குடும்பம் எப்போது பதிவாகும் என்ற கேள்விகளையும் சேர்த்தே இம்முறையை அளக்க வேண்டும்.

பாகிஸ்தானில் இரு மாகாணங்கள் இரு வழியில் போயின. பஞ்சாப் 2014இல் தடுப்பூசி ஊழியர் எங்கே இருக்கிறார் என்று கைப்பேசி வழியே கண்காணித்தது. சிந்து மாகாணத்தில் வளர்ந்த ‘ஜிந்தகி மெஹ்ஃபூஸ்’ குழந்தையின் பெயரைத் தொடர்ந்தது. ஊழியர் ஊருக்குப் போனார் என்பது முக்கியமான செய்திதான். ஆனால் விடுபட்ட குழந்தைக்கு ஊசி போட்டாரா என்பதற்கு அது விடை ஆகாது.

பதிவையும் நினைவூட்டலையும் ஊக்கத்தையும் பிரித்துச் சோதித்த ஆய்வுகளில் கென்யாவின் சியாயா கவுண்டியில் நடந்தது குறிப்பிடத்தக்கது. 152 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் எல்லா ஊசிகளும் பெற்றவர்கள், எந்தத் தலையீடும் இல்லாத கிராமங்களில் 82 விழுக்காடு. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியபோது 86. குறுஞ்செய்தியோடு 200 ஷில்லிங் கொடுத்தபோது 90. கடைசி வேறுபாடு மட்டுமே புள்ளியியல் முறைப்படி உறுதியானது. தாய் மறந்துவிடுகிறாள் என்று நம்பிக் குறுஞ்செய்திக்குச் செலவிடுபவர்கள், அவள் இழக்கும் ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கொரோனா காலத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது வாரங்களில் நடந்தது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த திறந்தநிலை மென்பொருளான டி.எச்.ஐ.எஸ்.2-ஐ, 2020இன் தொடக்கத்திலேயே இலங்கை நோய்த்தொற்றுக் கண்காணிப்புக்கு மாற்றி அமைத்தது. வேறு பல நாடுகள் அதைப் பின்பற்றின. இந்தியாவின் கொரோனா தடுப்பூசிப் பதிவுத் தளமான ‘கோவின்’ 2021 ஜனவரி 16 முதல் இயங்கி, 2022 ஜூலையில் 200 கோடி தவணைகளைக் கடந்தது. ஆனால் 18 முதல் 44 வயதினர் இணையத்தில் முன்பதிந்தே வர வேண்டும் என்ற விதி, கைப்பேசி இல்லாதவர்களை வெளியே நிறுத்தியது. 2021 மே 31 ஆணையில் உச்ச நீதிமன்றமே இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியது. 200 கோடி என்ற எண்ணுக்குள் இந்தக் குறை தெரியாது. வர முடியாதவரைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது.

கோவினின் கட்டமைப்பைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விரிக்கும் ‘யூ-வின்’ 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதை எடைபோட ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் 76.4 விழுக்காட்டினரே அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் பெற்றிருந்ததாகக் கண்டது. உலக அளவில் 2023இல் முத்தடுப்பின் முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் 1 கோடியே 45 லட்சம். இவர்களில் எத்தனை பேர் பதிவேட்டில் ஏறியும் ஊசி பெறாதவர்கள், எத்தனை பேர் பதிவேட்டிலேயே ஏறாதவர்கள் என்று பிரித்தறிய, பதிவேட்டைத் தள்ளிவைத்து வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிறகு இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். செலவு பிடிக்கும் இந்த வேலையைத் திட்டத்தின் தொடக்கச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடும் நாடுகளில்தான் மதிப்பீடு நம்பத்தக்கதாக இருக்கும்.